காற்றிலிருந்தும் எதிரொலி வருமா?

மார்கழி மாதத்து விடியற்காலையில் கிராமத்துத் தெருவில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மைல் தொலைவிலுள்ள கோயிலின் ஒலிபெருக்கி அடுத்த தெருவில் பாடுவதுபோல் கேட்கும். பகலில் காதில் விழாத ரயிலின் ஊதல் அப்போது தெளிவாகக் கேட்கும். அதே நேரத்தில் இன்னொன்றையும் காணலாம். கூரைகளிலிருந்து எழும் அடுப்புப் புகை சிறிது உயரம் சென்றதும் அதற்கு மேல் போகாமல் நின்று, ஊரின் மீது வெண்ணிறப் போர்வைபோலப் படர்ந்து கிடக்கும். வெயில் ஏறியதும் புகை கலைந்துவிடும். ரயிலின் ஊதலும் கேட்காமற் போகும்.

ஒலி தொலைவு செல்வதும் புகை படர்ந்து கிடப்பதும் தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள்போலத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நமக்கு மேலேயுள்ள காற்றின் வெப்பநிலை அந்த நேரத்தில் அமைந்திருக்கும் விதமே அக்காரணம். காற்று கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் அதன் அடுக்குகளை ஒலியைக் கொண்டு 'பார்க்க' முடியும் என்பதை விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளனர். ஒரு குறுகிய ஓசையை வானை நோக்கி எழுப்பி, வெறுங்காற்றிலிருந்து திரும்பிவரும் மிக மெல்லிய எதிரொலியைப் பதிவு செய்வதே அந்த முறை. அதற்குப் பயன்படும் கருவிக்குச் சோடார் என்று பெயர். ரேடார் ரேடியோ அலைகளைக் கொண்டு செய்வதைச் சோடார் ஒலியலைகளைக் கொண்டு செய்கிறது.

தலைகீழான வெப்பநிலை

மலைமேல் ஏறினால் குளிரும் என்பது நாம் அறிந்ததே. தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பநிலை குறைவதே பொதுவான நிலை. வறண்ட காற்று மேலெழும்பும்போது விரிவடைந்து, ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. பகலில் வெயிலால் தரை சூடாகிறது. தரையை ஒட்டிய காற்றும் சூடாகி, இலேசாகி, மேலே எழுகிறது. மேலேயுள்ள குளிர்ந்த காற்று கீழே இறங்குகிறது. உலைநீர் கொதிக்கும்போது அடியிலுள்ள நீர் மேலே வருவதுபோன்ற கலக்கம் இது. இக்கலக்கம் நடைபெறும் வரை புகையும் தூசியும் உயரே கொண்டு செல்லப்பட்டுப் பரவிவிடும்.

இரவில் நிலைமை மாறுகிறது. மேகமற்ற, காற்று வீசாத இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக விண்ணுக்கு இழந்து விரைவில் குளிர்ந்துவிடும். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிரும். ஆனால் நூறு, இருநூறு மீட்டர் உயரத்திலுள்ள காற்று அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இதனால் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சற்று வெப்பமான காற்றுமாக ஓர் அமைப்பு உண்டாகிறது. இதையே வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்கிறோம். குளிர்ந்த காற்று கனமானது. அது மேலே எழ முயலாது. புகை கொஞ்சம் எழும்பினாலும், தன்னைவிட வெப்பமான காற்றைச் சந்தித்ததும் நின்றுவிடும். தலைகீழ் அடுக்கு ஒரு பானைக்கு மூடிபோட்டது போலாகும்.

ஒலி தொலைவு செல்வதற்கும் இந்த மூடியே காரணம். வெப்பமான காற்றில் ஒலி வேகமாகச் செல்லும். ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம் அதன் வேகம் கூடும். தலைகீழ் அடுக்கில் ஒலியலையின் மேற்பகுதி கீழ்ப்பகுதியைவிட வேகமாக முன்னேறுவதால் அலை தரையை நோக்கி வளைகிறது. மேலே சென்று வீணாக வேண்டிய ஒலி மீண்டும் தரைக்கே வந்து நம் காதில் விழுகிறது. பகலில் இதற்கு நேர்மாறாக அலை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது.

இந்த மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியமான கேள்வி. ஒரு நகரத்தின் புகை பகலில் 1,500 மீட்டர் உயரம் வரை கலப்பதாகவும், இரவில் 150 மீட்டருக்குள் அடைபட்டுவிடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். புகையின் அளவு மாறவில்லை; ஆனால் அது நிரப்ப வேண்டிய இடம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. எனவே நாம் மூச்சுவிடும் காற்றில் புகையின் செறிவு பத்து மடங்காகிறது.

இது வெறும் கணக்கு அன்று. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரின் மீது இத்தகைய மூடி கவிழ்ந்து அசையாமல் நின்றது. வீடுகளிலும் தொழிற்சாலைகளிலும் எரித்த நிலக்கரியின் புகை வெளியேற வழியின்றி மூடுபனியுடன் கலந்தது. அந்தப் புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அப்போது கணக்கிட்டனர். உண்மையான எண்ணிக்கை இதைவிட மிக அதிகம் என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. நம் நாட்டில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் போபாலில் பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து நச்சுவாயு கசிந்தபோதும் குளிர்காலத்து இரவு. காற்று மெல்ல வீசிக்கொண்டிருந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு, மேலே கலந்து செறிவு குறையாமல் தரையை ஒட்டியே ஊருக்குள் பரவியது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் பலியாயினர். தலைக்கு மேலுள்ள சில நூறு மீட்டர் காற்றின் நிலையை அறிவது உயிர் காக்கும் செய்தி என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பலூனும் கோபுரமும் போதாவோ?

வானிலை நிலையங்களில் பலூன்கள் பறக்கவிடப்படுவதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து ரேடியோ மூலம் தெரிவிக்கும் கருவியைச் சுமந்துகொண்டு பலூன் மேலே செல்கிறது. பொதுவாக நாள்தோறும் இருமுறை, நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30 ஆகிய வேளைகளையொட்டிய அளவீடுகள் எடுக்கப்படுகின்றன. பலூன் நொடிக்கு ஏறத்தாழ 5 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது. ஆகவே நமக்கு வேண்டிய முதல் ஒரு கிலோமீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதன்பின் அடுத்த பலூன் ஏறும் வரை பன்னிரண்டு மணி நேரம் அந்த அடுக்கில் என்ன நடந்தது என்று தெரியாது. ஆனால் மூடி உருவாவதும், அலைபோல் ஆடுவதும், உடைவதும் அந்த இடைவேளையில்தான்.

உயர்ந்த கோபுரம் கட்டி அதில் கருவிகளைப் பொருத்தலாம். அதற்கு ஆகும் செலவு அதிகம். நூறு, இருநூறு மீட்டருக்கு மேல் கட்டுவது அரிது. ஓரிடத்தில் கட்டியதை மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லவும் இயலாது. தரையில் இருந்தபடியே இரவும் பகலும் ஓயாமல் மேலே நோக்கிக்கொண்டிருக்கும் ஒரு கருவி தேவைப்பட்டது. அங்கேதான் ஒலி உதவிக்கு வருகிறது.

டிண்டால் கேட்ட எதிரொலி

இக்கதை 1873ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்துக்கு அருகே, தெற்கு ஃபோர்லாண்டு என்னும் கடற்கரை முனையில் தொடங்குகிறது. மூடுபனிக் காலத்தில் கலங்கரை விளக்கின் ஒளி கப்பல்களுக்குத் தெரியாது. அப்போது ஊதுகொம்பையோ பீரங்கியையோ ஒலித்து எச்சரிக்க வேண்டும். எந்த ஓசை அதிகத் தொலைவு கேட்கும் என்பதை ஆராயும் பொறுப்பு ஜான் டிண்டால் என்னும் புகழ்பெற்ற இயற்பியல் அறிஞருக்கு வந்தது.

கப்பலில் ஏறிக் கடலுக்குள் சென்று கேட்ட டிண்டால் ஒரு புதுமையைக் கண்டார். பனி மூடிய நாளில் ஓசை நன்றாகவே கேட்டது. வானம் தெளிந்து, கடல் அமைதியாகக் கிடந்த வெயில் நாள் ஒன்றில் அதே ஓசை சிறிது தொலைவிலேயே மங்கிப்போயிற்று. அதைவிட வியப்பு, கரையில் நின்று கேட்டபோது கடற்பக்கமிருந்து எதிரொலி வந்தது. அங்கே மலையும் இல்லை, மேகமும் இல்லை, கப்பலும் இல்லை. வெறுங்காற்று மட்டுமே இருந்தது.

வெயிலால் காற்று ஒரே சீராகச் சூடாவதில்லை. ஈரமும் ஒரே சீராகக் கலப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத திட்டுத்திட்டான இக்காற்று ஒலியைச் சிதறடிக்கிறது என்று டிண்டால் விளக்கினார். ஒளியைத் தடுக்கும் மேகம்போல ஒலியைத் தடுக்கும் 'ஒலி மேகம்' என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஓசை மங்கியதற்கு ஒலி வளைந்து செல்வதே முக்கியக் காரணம் என்று வேறு சிலர் மறுத்தனர். அவர்கள் கூற்றிலும் உண்மை இருந்தது. எனினும் காற்றின் சீரற்ற தன்மை ஒலியைத் திருப்பியனுப்பும் என்ற டிண்டாலின் கருத்து வீண்போகவில்லை.

1946ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கில்மன் குழுவினர், ஓசைத் துடிப்புகளை வானை நோக்கி எழுப்பித் தலைகீழ் அடுக்குகளிலிருந்து எதிரொலி பெற்றனர். நுண்ணலைத் தொலைத்தொடர்பு சில இரவுகளில் தடுமாறுவதற்குக் காற்றடுக்குகள் காரணமா என்று அறிவதே அவர்கள் நோக்கம். பின்னர் சோவியத் விஞ்ஞானிகள் கலங்கலான காற்றில் ஒலி சிதறுவது பற்றிய கணிதக் கொள்கையை வகுத்தனர். 1968இல் ஆஸ்திரேலியாவின் மக்அலிஸ்டர், ஓயாமல் இயங்கி எதிரொலிகளைப் படமாகப் பதிவு செய்யும் கருவியின் முடிவுகளை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் போல்டர் நகரில் பணியாற்றிய கார்டன் லிட்டில், கீழ்க்காற்றை ஆராய ஒலி எவ்வளவு ஏற்றது என்பதைக் கணக்கிட்டுக் காட்டினார். சோடார் ஆராய்ச்சி உலகெங்கும் பரவியது அதன்பிறகே.

வெறுங்காற்று எப்படி எதிரொலிக்கும்?

சுவரில் பட்டு ஒலி திரும்புவது எளிதில் விளங்கும். காற்றில் என்ன சுவர் இருக்கிறது?

காப்பி டிக்காஷனில் பால் ஊற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். மெதுவாகக் கலக்கும்போது வெள்ளையும் கறுப்புமாகக் கோடுகளும் சுழிகளும் தோன்றும். முழுவதும் கலந்துவிட்டால் ஒரே நிறமாகிவிடும், கோடுகள் மறையும். காற்றிலும் இப்படியே. வெப்பக் காற்றும் குளிர்காற்றும் கலக்கும் இடங்களில் சிறிதும் பெரிதுமான சுழல்கள் உண்டாகின்றன. ஒரு சுழலுக்கும் அதை அடுத்த சுழலுக்கும் வெப்பநிலை சற்றே மாறுபடும். அந்த மாறுபாடு டிகிரியில் ஒரு சிறு பின்னமாக இருந்தாலும் போதும். ஒலியின் வேகம் அங்கே மாறுகிறது, ஒலியில் ஒரு மிகச் சிறு பகுதி சிதறுகிறது.

நேராக மேலே சென்ற ஒலியை நேராகக் கீழே திருப்பியனுப்புவதில் எல்லாச் சுழல்களுக்கும் சமபங்கு இல்லை. ஒலியின் அலைநீளத்தில் பாதியளவுள்ள சுழல்களே இவ்வேலையைச் செய்கின்றன. ஏனெனில் அவ்வளவு இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்த சுழல்களிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று இணைந்து வலுப்பெறும். மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நொடிக்கு 2,000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் காற்றில் 17 சென்டிமீட்டர். அதில் பாதி எட்டரை சென்டிமீட்டர். ஏறத்தாழ நான்கு விரற்கடை அகலம். அவ்வளவு சிறிய சுழல்கள் வானில் எங்கே நிறைந்திருக்கின்றன என்பதையே எதிரொலி நமக்குச் சொல்கிறது.

இதற்கு ரேடியோ அலையைப் பயன்படுத்தினால் என்ன? காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறும்போது ரேடியோ அலையின் வேகம் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே மாறும். ஒலியின் வேகமோ ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு மாறும். அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல் அதிகம். சிதறும் ஆற்றல் இந்த மாற்றத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே காற்றின் திட்டுக்கள் ரேடியோ அலையைச் சிதறடிப்பதைவிட ஒலியைப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் சிதறடிக்கின்றன. ரேடாருக்குப் பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கும் இடத்தில் ஓர் ஒலிபெருக்கி போதுமானதாகிறது.

சோடார் கருவியின் அமைப்பு

ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள பரவளையக் கிண்ணம் ஒன்றை வானை நோக்கி மல்லாத்தி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதன் குவியத்தில், கீழ்நோக்கியபடி ஓர் ஒலிபெருக்கி பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து வரும் ஓசை கிண்ணத்தில் பட்டு ஒரு கற்றையாக மேலே செல்லும். சோடாரில் பொதுவாக நொடிக்கு 1,000 முதல் 4,000 வரை அதிர்வுள்ள ஒலியைக் கையாள்கிறார்கள். அதற்குக் கீழே போனால் ஊரின் இரைச்சல் அதிகம். மேலே போனால் காற்று ஒலியை உறிஞ்சிவிடும்.

'கூ' என்று நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஓர் ஓசை எழுகிறது. உடனே ஒலிபெருக்கி வாய் மூடிக்கொண்டு காதாக மாறிவிடுகிறது. அதே கருவி இப்போது ஒலிவாங்கியாக இருந்து திரும்பிவரும் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு நொடி கழித்து எதிரொலி வந்தால் ஒலி மேலே சென்று கீழே வந்த மொத்தத் தொலைவு 340 மீட்டர். ஆகவே எதிரொலித்த இடத்தின் உயரம் 170 மீட்டர். இரண்டு நொடி என்றால் 340 மீட்டர். ஆறு நொடி காத்திருந்தால் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை ஆராய்ந்தாயிற்று. பிறகு அடுத்த 'கூ'. இப்படி நிமிடத்துக்குப் பத்து முறை, நாள் முழுவதும் இவ்வேலை நடக்கிறது.

திரும்பிவரும் எதிரொலி மிகமிக நலிந்தது. அனுப்பிய ஆற்றலில் கோடி கோடியில் ஒரு பங்கு என்ற அளவிலேயே அது இருக்கும். பஸ்ஸின் ஹாரனும் நாய் குரைப்பதும் அதை எளிதில் மூழ்கடித்துவிடும். ஆகவே கிண்ணத்தைச் சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு தடுப்பு அமைத்து, அதன் உட்புறத்தில் ஒலியை உறிஞ்சும் நுரைப்பஞ்சைப் பொருத்துகிறார்கள். பக்கவாட்டிலிருந்து வரும் ஓசை உள்ளே புகாமலும், கருவியின் ஓசை பக்கத்து வீட்டாரைத் தொல்லைப்படுத்தாமலும் அது காக்கிறது. அனுப்பிய அதிர்வெண்ணை ஒட்டிய ஒலியை மட்டும் ஏற்று மற்றவற்றை விலக்கும் வடிகட்டிகளும் மின்சுற்றில் உண்டு.

தாளில் தெரியும் காற்று

தொடக்க காலச் சோடார்களில் எதிரொலி ஒரு நகரும் தாளில் பதிவாயிற்று. ஒவ்வொரு ஓசைக்கும் பேனா கீழிருந்து மேலே ஒரு கோடு இழுக்கும். எதிரொலி வலுவாக உள்ள உயரத்தில் கோடு கறுப்பாகவும், இல்லாத உயரத்தில் வெளுப்பாகவும் இருக்கும். கோடுகள் அடுத்தடுத்து சேரும்போது ஒரு நாளின் காற்று முழுவதும் படமாகிவிடும். இக்காலத்தில் அதே படத்தைக் கணிப்பொறித் திரையில் வண்ணத்தில் பார்க்கிறார்கள். அதைப் படிக்கும் முறை மாறவில்லை. தெளிந்த வானமுள்ள ஒரு குளிர்கால நாளின் படத்தை நாமும் படித்துப் பார்ப்போம்.

நள்ளிரவு: படத்தின் அடியில் தரையை ஒட்டி அடர்ந்த கறுப்புப் பட்டை ஒன்று தெரிகிறது. இதுவே தரையில் அமர்ந்துள்ள தலைகீழ் அடுக்கு. அதன் மேல்விளிம்பு சில வேளைகளில் கடலலைபோல் ஏறி இறங்குகிறது. மேலே வேகமாகவும் கீழே மெதுவாகவும் காற்று செல்லும்போது இடையிலுள்ள அடுக்கில் அலைகள் எழுகின்றன. சில அலைகள் சுருண்டு உடைவதும் படத்தில் பதிவாகிறது.

சூரியன் உதித்துச் சிறிது நேரம் கழித்து: பட்டை தரையை விட்டுக் கிளம்புகிறது. தரை சூடாகத் தொடங்கிவிட்டது. அடியிலிருந்து வெப்பக் காற்று முட்டித் தள்ள, மூடி மெல்ல மெல்ல உயர்கிறது. படத்தில் அது வளைந்தேறும் ஒரு வில்போலக் காணப்படும்.

இந்தக் கட்டத்தில் ஓர் ஆபத்து உண்டு. இரவு முழுவதும் உயர்ந்த புகைபோக்கியிலிருந்து வெளிப்பட்ட புகை, நிலையான காற்றில் கலக்காமல் உயரத்திலேயே ஒரு தகடுபோல் மிதந்திருக்கும். தரையிலிருந்து எழும் கலக்கம் அந்த உயரத்தை எட்டியதும் அத்தனை புகையும் ஒரே வீச்சில் தரைக்கு இறங்குகிறது. ஆகவே காலை வேளையில் சிறிது நேரம் காற்று மிக மோசமாகிவிடும். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமும் அதுவே. மூடி எப்போது கிளம்புகிறது என்பதைச் சோடார் நிமிடத்துக்கு நிமிடம் காட்டிவிடும்.

நண்பகல்: இப்போது தரையிலிருந்து ஈட்டிகளை நட்டு வைத்தாற்போல் செங்குத்தான கறுப்புக் கோடுகள். ஒவ்வொரு கோடும் கருவியின் மீது கடந்து செல்லும் ஒரு வெப்பக் காற்றுத் தூண். பருந்து இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டு மேலே ஏறுவது இத்தகைய தூண்களின் உதவியால்தான்.

அந்தி: கோடுகள் குட்டையாகி மறைகின்றன. தரைக்கும் காற்றுக்கும் வெப்பநிலை ஏறத்தாழச் சமமாகும் வேளையில் எதிரொலியே வருவதில்லை, படம் வெளுத்துவிடும். முழுவதும் கலந்த காப்பியில் கோடு தெரியாததுபோல, வெப்ப வேறுபாடு இல்லாத காற்று சோடாருக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் தரையை ஒட்டி மெல்லிய கறுப்புப் பட்டை மீண்டும் தோன்றும். அன்றைய இரவின் மூடி விழத் தொடங்கிவிட்டது.

காற்றின் வேகமும் வெப்பமும்

ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், நம்மைக் கடந்து போனதும் தடித்தும் கேட்கிறது. இதுவே டாப்ளர் விளைவு. சுழல்கள் காற்றோடு நகர்கின்றன. நம்மை நோக்கி வரும் சுழலிலிருந்து திரும்பும் எதிரொலியின் அதிர்வெண் கூடும். விலகிச் செல்லும் சுழலிலிருந்து வருவதன் அதிர்வெண் குறையும். இதை அளந்தால் காற்றின் வேகம் தெரிந்துவிடும்.

மாணவர்கள் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒலிக்கற்றையைச் செங்குத்திலிருந்து 30 டிகிரி கிழக்கே சாய்த்து 2,000 அதிர்வுள்ள ஓசையை அனுப்புகிறோம். எதிரொலி 1,960 அதிர்வுகளுடன் திரும்புகிறது. குறைவு 40. கற்றையின் திசையில் சுழலின் வேகத்தை இருமடங்காக்கி, ஒலியின் வேகத்தால் வகுத்து, அதிர்வெண்ணால் பெருக்கினால் இந்த 40 கிடைக்க வேண்டும். ஆகவே அத்திசையில் வேகம் நொடிக்கு 3.4 மீட்டர். கற்றை 30 டிகிரி சாய்ந்திருப்பதால் அதன் சைன் மதிப்பாகிய அரையால் வகுக்க, கிழக்கு நோக்கி வீசும் காற்றின் வேகம் நொடிக்கு 6.8 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 24 கிலோமீட்டர் என்று கிடைக்கிறது. இங்கே காற்றுக்கு மேலும் கீழுமான வேகம் இல்லை என்று கொண்டோம். உண்மையில் அதுவும் இருக்கும். எனவே ஒரு கற்றையைக் கிழக்கே சாய்த்தும், ஒன்றை வடக்கே சாய்த்தும், மற்றொன்றை நேராக மேலேயும் அனுப்பி மூன்று திசை வேகங்களையும் கணக்கிடுகிறார்கள்.

இதற்காக மூன்று கிண்ணங்கள் வைப்பதுண்டு. சிறு ஒலிபெருக்கிகள் பலவற்றைச் சதுரங்கக் கட்டங்கள்போல வரிசையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைவிட ஒரு நொடியின் சிறு பின்னம் தாமதித்து ஒலிக்கச் செய்வது இன்னொரு முறை. தாமதத்தை மாற்றினால் கற்றை தானே சாய்ந்துகொள்ளும். கருவியில் எந்தப் பகுதியும் அசைய வேண்டியதில்லை.

எதிரொலியின் வலிமை வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டுமேயன்றி, வெப்பநிலை இத்தனை டிகிரி என்று சொல்லாது. அதற்கும் வழி பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒலியையும் ரேடியோ அலையையும் கூட்டு சேர்த்தனர். ஓசையை மேலே அனுப்பி, அதன் பின்னாலேயே ரேடியோ அலையையும் அனுப்புகிறார்கள். ரேடியோவின் அலைநீளம் ஒலியின் அலைநீளத்தைப்போல் இரு மடங்காக இருந்தால், மேலேறும் ஒலியலைகளே ரேடியோவுக்குக் கண்ணாடிபோலாகி அதைத் திருப்பியனுப்பும். திரும்பிய ரேடியோ அலையின் டாப்ளர் மாற்றத்திலிருந்து அந்தந்த உயரத்தில் ஒலி என்ன வேகத்தில் செல்கிறது என்று தெரிகிறது. ஒலியின் வேகம் தெரிந்தால் வெப்பநிலையும் தெரியும்.

நம் நாட்டில்

இந்தியாவில் சோடார் ஆராய்ச்சி 1970களில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேரூன்றியது. 1990இல் கங்கைச் சமவெளியின் பருவக்காற்றுத் தாழ்வுப் பகுதியை ஆராய நடந்த பெருந்திட்டத்தில் கரக்பூரில் சோடார் இயங்கியது. 1990களில் அண்டார்க்டிகாவிலுள்ள நமது மைத்ரி நிலையத்திலும் பனித்தரையின் மீதுள்ள காற்றை அது ஆராய்ந்தது. திருப்பதிக்கு அருகே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம், ஒலிபெருக்கி வரிசைகள் கொண்ட டாப்ளர் சோடாரை உருவாக்கி 2008இல் அதன் முதல் முடிவுகளை வெளியிட்டது.

தமிழ்நாட்டுக்கு நெருங்கிய செய்தி கல்பாக்கத்திலிருந்து வருகிறது. கடற்கரையில் வாழ்பவர்களுக்குக் கடற்காற்றின் அருமை தெரியும். நண்பகலில் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று சூடான மணலின் மீது ஏறியதும் அடியிலிருந்து சூடாகத் தொடங்குகிறது. இதனால் கரையோரத்தில் ஆழமற்ற ஒரு கலப்பு அடுக்கு உண்டாகி, உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்ல உயர்கிறது. அதற்கு மேலே நிலையான கடற்காற்று மூடியாக நிற்கிறது. கடற்கரையில் அமைந்த தொழிற்சாலைகள், மின்நிலையங்கள் ஆகியவற்றின் புகைபோக்கி எந்த அடுக்கில் புகையை விடுகிறது என்பதைப் பொறுத்து, அது கடந்து போகுமா, அருகிலுள்ள ஊரின் மீது இறங்குமா என்பது முடிவாகிறது. கல்பாக்கத்தில் சிறு சோடாரை நிறுவி இந்த அடுக்கின் உயரத்தை அளந்த ஆய்வு 2002இல் வெளியாயிற்று.

குறைகளும் உண்டு

சோடாரை எங்கும் எப்போதும் பயன்படுத்த இயலாது. மழை பெய்தால் கிண்ணத்தில் துளிகள் விழும் ஓசையே காதை அடைத்துவிடும். பலத்த காற்று ஒலிக்கற்றையை அடித்துச் சென்றுவிடும். அருகிலுள்ள மரங்களிலும் கட்டடங்களிலும் பட்டு வரும் எதிரொலியைக் காற்றின் எதிரொலி என்று தவறாகக் கொள்ளவும் கூடும். பெரிய கருவிகளே ஒரு கிலோமீட்டர் வரை எட்டும். சிறு கருவிகள் இருநூறு மீட்டரோடு நின்றுவிடும். கோடைப் பகலில் கலப்பு அடுக்கு அதற்கு மேல் சென்றுவிடுவதால் அதன் உச்சி சோடாரின் பார்வைக்குத் தப்பிவிடும். ஓயாத ஓசையை அண்டை அயலார் விரும்பமாட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆயினும் சில நூறு மீட்டர் உயரத்துக்குள் நடப்பதை இவ்வளவு குறைந்த செலவில் தொடர்ந்து காட்டும் கருவிகள் மிகச் சிலவே. விமானம் இறங்கும் பாதையில் காற்று திடீரென்று மாறுவதை அறியவும், காற்றாலை நிறுவுமுன் அதன் உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று அளக்கவும் சோடார் உதவுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நகரத்தின் காற்று நாளைக் காலையில் எவ்வளவு புகையைத் தாங்கும் என்று கணக்கிட அது அடிப்படைச் செய்தியைத் தருகிறது.

2018ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி போகிப் பண்டிகையன்று விடியற்காலையில் சென்னை நகரைப் புகை சூழ்ந்துகொண்டதும், ஓடுபாதை தெரியாமல் விமானப் போக்குவரத்து தடைப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். பழைய பாயையும் டயரையும் எரித்தவர்கள் அதே பொருள்களை நண்பகலில் எரித்திருந்தால் புகை அவ்வளவு தேங்கியிருக்காது. அதிலுள்ள நஞ்சு அப்போதும் நஞ்சே. எனவே எரிக்காமலிருப்பதே நல்லது. ஆனால் மார்கழி விடியலில் எரிப்பது, மூடிபோட்ட பானைக்குள் புகை போடுவதற்கு ஒப்பாகும்.

உங்களிடம் சோடார் இல்லாவிட்டாலும் ஒரு சிறு ஆராய்ச்சியைச் செய்யலாம். குளிர்காலத்தில் ஒரு வாரம் காலை ஆறு மணிக்கும், பத்து மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும் உங்கள் ஊரின் செங்கற்சூளையிலிருந்தோ ஆலையிலிருந்தோ எழும் புகையைக் கவனியுங்கள். அது நேராக எழுகிறதா, தகடுபோல் படர்கிறதா, தரைக்கு இறங்குகிறதா என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதே வேளைகளில் தொலைவிலுள்ள ரயிலோ சங்கோ கேட்கிறதா என்பதையும் எழுதுங்கள். இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் ஊரின் மீது மூடி எப்போது விழுகிறது, எப்போது எழுகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். பிறகு, வீட்டுக் குப்பையை எந்த வேளையிலும் எரிக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்வதற்கு உங்கள் நோட்டே சான்றாக இருக்கும்.